பாட்டனின் நூலும் பேரனின் நூலும்

சாதி வேற்றுமையைக் கண்டிக்கும் எழுத்து ஒன்று பாட்டனை அசைக்கிறது. பேரனுக்கு அது பழங்கதையாகப் படுகிறது. பேரன் கண்கலங்கிப் படிக்கும் நூலோ பாட்டனுக்குப் புலம்பலாகத் தோன்றுகிறது. இதனை வெறும் சுவை மாற்றம் என்று நாம் தள்ளிவிடலாமா?

1936-இல் லாகூரில் ஆற்றுவதற்கென அண்ணல் அம்பேத்கர் எழுதிய உரை, அழைத்த சங்கமே பின்வாங்கியதால் மேடையேறவில்லை. தம் செலவிலேயே அதனை அச்சிட்டார். பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் தந்தது. நடந்த கொடுமைகள் சிலவற்றைச் சுட்டினாலும், அவ்வுரை பெரிதும் வாதத்தையே நம்பியது. தீண்டாமையை நாள்தோறும் கண்ட தலைமுறைக்கு அதனை வருணிக்க வேண்டியதில்லை. அது மாற்றத்தக்கது என்பதற்கான காரணங்களே தேவைப்பட்டன.

நெய்வேலி நகரியத்துப் பிள்ளைகளின் நிலை வேறு. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் எழுந்த இந்நகரியத்தில் பதவித் தரப்படியே வீடுகள் ஒதுக்கப்பெறுவதால், பல சாதியாரும் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். (பதவித் தரமே புதிய சாதியாகிவிட்டதோ என்பது வேறு கதை.) ஊரும் காலனியும் பிரிந்து கிடப்பதை இவர்கள் விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்றால்தான் காண்கின்றனர். சாதி தவறு என்று பள்ளியிலேயே படித்துவிட்டவர்களிடம் வாதம் எடுபடுவதில்லை. ஆனால் 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இவர்களைப் பிடித்து நிறுத்துகிறது. துறவற சபையில் சேர்ந்து வெளியேறிய ஒருவர், திருச்சபைக்குள்ளும் சாதியைக் கண்டதைப் பேச்சுமொழியிலேயே கூறும் நூல் அது.

முதியோர் சிலர் அதற்கு முகம் சுளிக்கின்றனர். மொழி கொச்சையாம். இக்காரணத்தை நாம் ஏற்பதற்கில்லை. வாதத்திற்குத் தலையசைத்துவிட்டுப் போய்விடலாம். சாட்சியோ, அந்தத் தெருவில் நீ எங்கே நின்றாய் என்று கேட்கிறது. இளையோருக்கு அக்கேள்வி எழுவதில்லை. ஆகவே தடையின்றி அழுகின்றனர். கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் கூறும் இடம்தான் அவர்களைத் தொடும். அதைத்தான் பழையது என்கின்றனர். தன்னைச் சுடாத நூலையே ஒவ்வொரு தலைமுறையும் போற்றுகிறதோ என்று ஐயுறுகிறோம்.

ஏழையின் ஆட்டுக்குட்டிக்காகச் சினந்தபோது தாவீது நல்ல வாசகர்தான். நாத்தான் அத்துடன் நிறுத்தியிருந்தால், கதையைப் பாராட்டிவிட்டு உறங்கப் போயிருப்பார். 'கருக்கு' வெளிவந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், நம் உயர்மறைமாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கரிடையே எழுந்த சாதி மோதலின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். படித்தவர்கள் அங்கும் இருந்தனர்.

பங்கின் வாசிப்புக் கூட்டத்தில் முதியோர்க்குப் பாமாவையும் இளையோர்க்கு அம்பேத்கரையும் தந்து பார்க்க எண்ணுகிறோம். மறுப்பு வரும், திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளிலிருந்து முதலில் வரும்.