துருவும் பட்டியும்

பிறர் கண்ணுக்குப் படாத வேலையை எவ்வளவு நேர்மையாகச் செய்ய நாம் கடமைப்பட்டுள்ளோம்? மனச்சான்றைப் பற்றிய இப்பழைய கேள்வியை ஒரு பழைய மோட்டார் காரின் துருவைக் கொண்டு சிந்திக்க முற்படுகிறோம். பொருள் சிறிதென்று வாசகர்கள் தள்ளிவிட மாட்டார்கள் என நம்புகிறோம்.

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள புளியஞ்சோலைக்கு விடுமுறை நாள்களில் திருச்சி, துறையூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பங்கள் வந்து ஓடையில் குளித்துச் செல்வது வழக்கம். அவர்களை ஏற்றிவரும் வண்டிகளிடையே எப்போதாவது ஓர் அம்பாசடரையும் காணலாம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோனது. ஆகவே இன்று ஓடும் ஒவ்வோர் அம்பாசடரும் பத்து வயதைக் கடந்தது. முப்பதைக் கடந்தவையும் உண்டு. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்ய ஆள் கிடைப்பர். அவ்வண்டியை இறுதியில் வீழ்த்துவது பெரும்பாலும் தகடுதான்.

லாரிக்கு அடியில் சேஸிஸ் என்னும் தனிச் சட்டம் உண்டு. அதன்மேல் பாடி கட்டுவதில் அண்டையிலுள்ள நாமக்கல், திருச்செங்கோட்டுத் தொழிலாளர் பெயர்பெற்றவர்கள். அம்பாசடருக்கோ, அதன் மூலமாகிய இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் போலவே, அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தளமும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும், பக்கத் தூண்களும் ஒன்றாக இணைந்தே எடையைத் தாங்குகின்றன. தோல் என்று நாம் எண்ணுவது உண்மையில் எலும்பு.

அந்த எலும்பின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு அவ்வுலோகத்துக்கே காவலாகிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தைப் பிடித்து, உப்பி, உதிர்ந்து, அடுத்த அடுக்கை ஈரத்துக்குத் திறந்துவிடுகிறது. சேறும் சருகும் தங்கும் மூலைகளில் அது உள்ளிருந்தே தொடங்குகிறது. வெளியே பெயிண்டில் சிறு கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே தகடு சல்லடையாகியிருக்கக் கூடும்.

இப்போது உரிமையாளர்முன் இரு வழிகள். ஓட்டையில் கம்பி வலையோ நாரோ திணித்து, மேலே பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம். இரண்டு மூன்று நாளில் வண்டி பளபளக்கும். மற்றொன்று, துருவேறிய பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெறிந்து, அட்டையில் அளவெடுத்துப் புதுத் தகடு வெட்டி, தட்டி வளைத்துப் பொருத்தி, வெல்டிங் செய்வது. வெட்டத் தொடங்கியபின் ஓட்டை நாம் எண்ணியதைவிட மூன்று மடங்கு பெரிதாகும் என்பது இத்தொழிலில் எவரும் அறிந்த துயரம்.

பட்டியையே பாவமாகக் கருத வேண்டியதில்லை. தட்டி நேராக்கிய தகட்டின் மேடுபள்ளத்தை நிரவுவது அதன் முறையான பணி. டிங்கரிங் செய்பவர் எவ்வளவு திறமையாளராயினும் சிறிது பட்டி பூசியே தீருவார். எடை தாங்கும் இடத்தில் இரும்பு இருப்பதாக அதைக் காட்டும்போதுதான் அது பொய்யாகிறது. இங்கிலாந்தின் ஆண்டுச் சோதனை விதிகள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்துள்ளன. எடை தாங்கும் பகுதிகளில் பட்டியும் நாரும் கொண்டு செய்த பழுதுநீக்கம் அங்கே ஏற்கப்படுவதில்லை. ஒட்டுத் தகட்டின் விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். நம் நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே தகுதிச் சோதனையுடன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்தில் மனச்சான்றைத் தவிர வேறு சோதனையாளர் இல்லை.

குற்றத்தைத் தொழிலாளர்மேல் சுமத்துவது எளிது. ஆனால், "மேலாகப் பார்த்துவிடுங்கள் அண்ணே, விற்கப்போகிற வண்டிதானே" என்று கூலியைக் குறைத்துப் பேசுபவர் யார்? அவர் வாய் திறந்து பொய் சொல்லவில்லை; வண்டி அவருக்காகச் சொல்கிறது. வாங்குபவர் தம் பிள்ளைகளை அதில் ஏற்றுவார் என்பது பேரத்தின்போது நினைவில் வருவதில்லை. கடனில் ஓடும் வாடகை வண்டிக்காரரின் நெருக்கடியை நாம் அறியாதவர்களல்லோம். எனினும் அந்நெருக்கடி அயலாரின் உயிரை ஈடுவைக்க உரிமை தருமா? தராது என்றே கருதுகிறோம். குறைந்தது, எந்த இடத்தில் என்ன செய்தோம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடலாம். அதற்குச் செலவில்லை, விலைதான் சற்றுக் குறையும்.

சிறு வெல்டிங் இயந்திரம் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே இவ்வேலையைச் செய்யத் துணிவோரும் இருக்கின்றனர். அவர்களிடம் நமக்கு மதிப்புண்டு. ஆயினும் நல்லெண்ணம் தகட்டை ஒட்டாது. கம்பிக்கோல் வெல்டிங்கில் பழகாத கைக்கு மெல்லிய தகடு ஓட்டை விழும். தொடர்ந்து இழுத்தால் சூட்டில் நெளியும். மெல்லிய கம்பி தானாக வரும் இயந்திரத்தாலும் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே என்று வைத்து, ஆறவிட்டு, பின்னர் இணைக்க வேண்டும். பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து உள்ளே உருகிச் சேராத இணைப்பு, பட்டியைவிட ஆபத்தானது. செய்தவரே அதை நம்பிவிடுகிறார் அல்லவா! வீணான தகட்டுத் துண்டுகளில் பழகி, இணைப்பை இடுக்கியில் பிடித்து முறித்துப் பார்த்தபின்னரே வண்டியைத் தொடுவது முறை. பெட்ரோல் டாங்கையும் பாட்டரியையும் இருக்கைகளையும் கழற்றி அப்பால் வைப்பதும், முகக்கவசம் அணிவதும், அருகில் தண்ணீரும் மணலும் இருப்பதும் சொல்லாமலே விளங்கும்.

வெல்டிங் முடிந்து பெயிண்டும் அடித்தாயிற்று. இன்னும் ஒரு வேலை உண்டு. வெல்டிங்கின் சூடு பெட்டிப் பகுதியின் உட்புறத்திலிருந்த பெயிண்டையும் எரித்திருக்கும். அங்கே கை புகாது, தூரிகையும் புகாது. அடியில் சிறு துளையிட்டு, நீண்ட குழாய் வழியே மெழுகு கலந்த எண்ணெயை மூலை முடுக்கெல்லாம் பீய்ச்ச வேண்டும். இல்லையேல் புதுத் தகடும் உள்ளிருந்தே துருவேறும். அரை நாள் வேலை, உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால், எண்ணெய் உள்ளே சென்றதா இல்லையா என்பது சோதனை அதிகாரிக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.