அடிமனை யாருடையது?

சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்தில், லோரோங் 3 பகுதியில் 191 தரைவீடுகள் இருந்தன. அவற்றின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நிலம் அரசுக்குத் திரும்பியது. இழப்பீடு ஒரு வெள்ளிகூட இல்லை. மோசடி எதுவும் நடக்கவில்லை. பத்திரத்தில் முதல் நாளே எழுதியிருந்த தேதி வந்தது, அவ்வளவுதான்.

2017இல் அரசு இதை நினைவூட்டியபோது, அவற்றில் 33 வீடுகளில்தான் உரிமையாளர்கள் குடியிருந்தார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு ஊழியர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. அதே ஆண்டு மார்ச்சில், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் இன்னொன்றையும் எச்சரித்தார்: பழைய அடுக்குமாடி வீடுகள் அனைத்தையும் அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கும் குத்தகை 99 ஆண்டுகள்தான். 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தில் வீடு வாங்கி, அதையே முதுமைக்கான முதலாகக் கருதிவந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

நிலத்தை என்றென்றைக்கும் சொந்தம் கொண்டாட முடியுமா? பொருளியல் பிறக்கும் முன்பே சமயங்கள் எழுப்பிய கேள்வி இது. விவிலியத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கிப்போகிறவர்கள் என்கிறது. ஐம்பதாவது ஆண்டான யூபிலியில், விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ஆகவே யூபிலி வரை எத்தனை விளைச்சல் மிச்சமிருக்கிறதோ அதற்குத்தான் விலை. சிங்கப்பூர் நில ஆணையம் பயன்படுத்தும் ‘பாலா அட்டவணை’யும் இதே கணக்கைத்தான் போடுகிறது. நிரந்தர உரிமையின் மதிப்பை 100 என்று வைத்தால், 99 ஆண்டுக் குத்தகைக்கு 96, 60 ஆண்டு மிச்சமிருந்தால் 80, 30 ஆண்டுக்கு 60.

அந்த அதிகாரத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் மீட்காவிட்டால், அது வாங்கியவருக்கே நிலைத்துவிடும். சோறு போடும் வயலுக்கு இருந்த பாதுகாப்பு நகரத்து வீட்டுக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. மயிலாப்பூர் போன்ற கோயில் ஊர்களில் அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், சுவாமிக்கு, கட்டடம் குடியிருப்பவருக்கு என்ற ஏற்பாட்டில் வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். இந்தியச் சட்டத்தின் பார்வையில் கோயில் மூர்த்தியும் சொத்து வைத்துக்கொள்ளும் ஒரு ‘நபர்’.

சொந்தப் பட்டா இருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் சென்னையில் ஃபிளாட் வாங்குபவரின் நிலை என்ன? கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. கடைசியில் கையில் நிற்பது யூ.டி.எஸ். எனும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. பத்திரப் பதிவிலேயே முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என ஒரு பங்கு போய்விடுகிறது. ஆண்டு வாடகை பெரும்பாலும் வீட்டு மதிப்பில் 2, 3 சதவீதம். வங்கிக் கடன் வட்டியோ அதைவிடப் பல மடங்கு. இந்தப் பள்ளத்தை விலையேற்றம்தான் நிரப்ப வேண்டும். அதாவது, அடுத்து வாங்க வருகிற இளம் குடும்பம் இன்னும் அதிகமாகக் கடன்பட வேண்டும்.

அறக்கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. மறு ஆண்டே மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது.

குடியிருக்க ஒரு வீடு வாங்குவது இன்றும் தகும். வாடகை மிச்சம், காலி செய்யச் சொல்ல ஆளில்லை. விலை ஏறும் என்று பூட்டிவைக்க இரண்டாவது வீடு வாங்குவது, கணக்கிலும் தேறவில்லை, அறத்திலும் தேறவில்லை.