பழுதான ஆலயமும் பாக்கிப் பேரேடும்

பழைய ஆலயம் பழுதடைவது பல காலம் வெளியே தெரிவதில்லை. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பாவிய மெட்ராஸ் தளத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு விழும். ஐப்பசி மழை அதன் வழியே இறங்கும். சுவருக்குள் புதைந்த உத்திர முனை உளுத்துப்போய், பீடத்துக்கு மேலே காரை பெயர்ந்து விழுகிற அன்றுதான் பங்குப் பேரவையோ சேகரக் கமிட்டியோ அவசரமாகக் கூடும். எவ்வளவு ஆகும், யாரிடம் கேட்பது என்று பேச்சு ஓடும். எப்படிக் கேட்டால் அது நியாயம் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆண்டவர் காரியத்துக்குத்தானே என்ற ஒரு சொல் அதை அடக்கிவிடுகிறது.

கட்டடத்துக்குச் செலவிடுவதே தவறு என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பக்கத்தில் பெரியவர்கள் நிற்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தோம், பசியால் வாடும் கிறிஸ்துவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே பீடத்தைப் பொன்னால் அலங்கரிப்பதைக் கடிந்துகொண்டார். அதே நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோசு, போரில் சிறைப்பட்டவர்களை மீட்கத் திருப்பாத்திரங்களையே உருக்கிப் பணமாக்கினார். குறை கூறியவர்களுக்கு அவர் தந்த விளக்கத்தில் தயக்கம் துளியும் இல்லை. உயிரா பொன்னா என்று வந்தால் அவருடைய முடிவுதான் சரி.

ஆனால் பெரும்பாலான ஊர்களில் கேள்வி அப்படி வருவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, தேரிக்காட்டு ஊர்களில் பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் ஓலைக் குடிசையில் இருந்துகொண்டே கல்லால் ஆலயம் எழுப்பின. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுத்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அவர்களுக்குச் சொந்தமாக நிலம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோபுரம் சொந்தமாக இருந்தது. ஏழைகளின் பெயரைச் சொல்லி அதை இடிய விடுவது, ஏழைகள் சேர்த்துவைத்த மிகப் பெரிய பொதுச் சொத்தை இடிய விடுவதாகும். ஆகவே காப்பது கடமை. கேட்பதும் முறையே. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆலயச் சீரமைப்புக்கு நிதி திரட்டிய கதைகளில் மிகவும் பெயர்பெற்றது அசிசி நகரத்துப் பிரான்சிஸுடையது. சிதைந்து கிடந்த சான் தமியானோ சிற்றாலயத்தைச் செப்பனிட விரும்பிய அந்த இளைஞர், துணி வணிகரான தம் தந்தையின் கடையிலிருந்து துணிகளை எடுத்துப்போய்ப் பக்கத்து ஊரில் குதிரையோடு சேர்த்து விற்றார். பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அந்த ஏழைக் குருவானவர் வாங்க மறுத்தார். தந்தைக்குரியதைத் திருப்பிக் கொடுத்துவிடு, தவறாக வந்திருக்கக்கூடிய பொருளை ஆலயத்துக்குச் செலவிடக் கூடாது என்று ஆயரும் சொன்னார். நோக்கம் தூயது, தேவை உண்மையானது, பணம் கையில் இருக்கிறது. இருந்தும் அந்த இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். பிறகு பிரான்சிஸ் தெருத்தெருவாகக் கல் இரந்து, தோளில் சுமந்து, தாமே சுவரைக் கட்டினார். இந்தக் கதையில் பிரான்சிஸ் அளவுக்கு அந்தக் குருவானவரும் நினைக்கப்பட வேண்டும். இடிந்த கூரையின் கீழ் நின்றுகொண்டு பணத்தை மறுப்பது எளிதன்று.

அப்படி மறுக்க ஆளில்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு ரோமாபுரியே சாட்சி. 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் கட்டிய பழைய புனித பேதுரு ஆலயம் தளர்ந்துபோயிருந்தது. அதன் இடத்தில் புதியதற்கு 1506இல் அடிக்கல் நாட்டப்பட்டது. செலவுக்குப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. ஜெர்மனியில் திரண்ட பணத்தில் ஒரு பாதி, மாயின்ஸ் பேராயர் தம் பதவிக்காக ஃபுக்கர் வங்கியாரிடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது. சீட்டு வாங்கிய எளியவருக்கு இது தெரியாது. 1517இல் லூத்தர் எழுப்பிய 95 கருத்துகளுள் ஒன்று நேராக இந்தக் கட்டட நிதியைத்தான் தொட்டது. பெரும் செல்வரான போப்பு ஏழை விசுவாசிகளின் பணத்தை விட்டுத் தம் பணத்தில் அந்த ஆலயத்தைக் கட்டக் கூடாதா என்று அது கேட்டது. ஒரு கட்டட நிதி திரட்டப்பட்ட விதமே மேற்குலகத் திருச்சபை இரண்டாகப் பிரியத் தொடக்கமாக அமைந்தது.

நம் காலத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிசின் நோத்ர தாம் பேராலயம் தீப்பற்றியது. ஏறத்தாழ 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் கொடுத்த தொகை 84 கோடி யூரோவைத் தாண்டியது. பெருஞ்செல்வக் குடும்பங்கள் சில நாள்களுக்குள் பத்துக் கோடி, இருபது கோடி யூரோ என அறிவித்தபோது, மஞ்சள் அங்கி அணிந்து விலைவாசி உயர்வை எதிர்த்துத் தெருவில் போராடிக்கொண்டிருந்தவர்கள், எங்களுக்கு இல்லாத பணம் இதற்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கொடுத்தவர்களை நோக்கியது. அதைவிடக் கூர்மையான கேள்வி 2024 அக்டோபரில் வந்தது. பேராலயம் மீண்டும் திறக்கப்படவிருந்த வேளையில், பார்வையாளர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஆண்டுக்கு 7.5 கோடி யூரோ சேரும், அதைக் கொண்டு நாட்டின் பழுதான ஆலயங்களைக் காப்பாற்றலாம் என்றார் பிரான்சின் பண்பாட்டு அமைச்சர். திட்டத்தில் பேராசை இல்லை. பணம் போய்ச் சேரும் இடமும் சிற்றூர் ஆலயங்கள்தான். ஆனாலும் பாரிஸ் மறைமாவட்டம் ஒப்பவில்லை. ஆலயம் எல்லோருக்கும் நிபந்தனையின்றித் திறந்திருக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் கதவு கட்டணமின்றியே திறந்தது.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பார்க்க வருவோருக்குக் கட்டணம் உண்டு, வழிபட வருவோருக்கு இல்லை. அந்த ஏற்பாட்டைத் தீயது என்று தள்ளிவிட முடியாது. பேணுவதற்குப் பணம் வேண்டும். பார்க்க மட்டும் வரும் பயணி கொடுப்பதில் அநியாயம் இல்லை. ஆனாலும் பாரிஸ் எடுத்த முடிவே மேலானது. கட்டணம் வந்துவிட்டால் வாசலில் ஒருவர் நின்று, நீ எதற்காக வந்தாய் என்று கேட்டாக வேண்டும். வேண்டுதலா வேடிக்கையா என்று தனக்கே தெரியாமல் உள்ளே நுழைகிறவருக்கு அந்தக் கேள்வியே கதவை அடைத்துவிடும்.

5 யூரோவைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றினால், நம் தென் மாவட்டத்து ஊர்களின் வரிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டு வரி. திருப்பணி தொடங்கினால் அதற்கெனத் தனி வரி. இந்த முறைக்கு ஒரு கண்ணியம் உண்டு. செல்வர் ஒருவர் கட்டிக்கொடுத்த ஆலயமாக அல்லாமல், எல்லோருக்கும் சமமான பங்குள்ள ஆலயமாக அது நிற்கும். ஆனால் பிள்ளைகள் வளைகுடாவில் சம்பாதிக்கும் வீட்டுக்கும், விதவைத் தாய் ஒருத்தி பீடி சுற்றி நடத்தும் வீட்டுக்கும் ஒரே தொகை என்பது பார்வைக்குத்தான் சமம். கட்டாத வரி பாக்கியாக ஏறும். பேரேட்டில் அது ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடக்கும். மகளுக்குத் திருமணம் பேசி, ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்க வேண்டும் என்று வரும் நாளில் அந்தப் பக்கம் திறக்கப்படும். சில ஊர்களில் அதைவிடக் கொடிய நாளில் திறக்கப்படும். பிணம் வீட்டில் கிடக்கும்போது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் முன், பாக்கியை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லப்படும். எல்லா ஊரின் வழக்கமும் இதுவன்று. ஆனால் தெற்கே இப்படி நடந்ததைக் கேள்விப்படாத கிறிஸ்தவர் அரிது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 848ஆம் விதி, வறுமையின் காரணமாக எவருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. 1181ஆம் விதி, ஏழைக்கு உரிய அடக்கச் சடங்கு மறுக்கப்படக் கூடாது என்கிறது. சட்டமே வேண்டியதில்லை. வட்டிக்கு வாங்கி வரி கட்டித் தகப்பனைப் புதைத்த மகனிடமிருந்து வந்தது காணிக்கை அன்று, பிடுங்கிய பணம். அது எத்தனை உத்திரத்தைத் தாங்கினாலும் பிடுங்கியதுதான்.

கட்டாயம் இல்லாவிட்டால் வசதியுள்ளவர்களே நழுவிவிடுவார்கள் என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். சிலர் நழுவுவார்கள். அந்தச் சிலரைப் பிடிப்பதற்காக ஓர் ஏழையை ஊர் நடுவே தலைகுனிய வைப்பதைவிட, அவர்களை நழுவ விடுவது நல்லது. நழுவுகிறவர்களில் பலர் கஞ்சர்களும் அல்லர். போன திருப்பணியின் கணக்கைப் பார்க்காதவர்கள். மாதந்தோறும் வரவு செலவை ஆலய வாசலில் ஒட்டும் சபையில் நோட்டீசு அனுப்பும் வேலை குறையும். பணம் இல்லாதவர் ஒரு நாள் சித்தாள் வேலை செய்தால் அதையும் அதே ஏட்டில் அதே மதிப்போடு எழுதலாம். பிரான்சிஸ் கல் சுமந்ததும் அதுதான்.

கைம்பெண்ணின் இரண்டு காசு பற்றிய பிரசங்கத்தையும் நிதிக் கூட்டங்களில் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். மாற்கு நற்செய்தியில் அந்தக் காட்சிக்கு முன்னால் இருப்பது, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றிய கண்டனம். அதற்குப் பின்னால் வருவது, ஆலயத்தின் பெரிய கற்களைப் பார்த்து வியந்த சீடர்களிடம் இவை எல்லாம் இடிந்துபோகும் என்று சொன்ன எச்சரிக்கை. இவை இரண்டையும் மறைத்துவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் காட்டி ஏழையிடம் தட்டை நீட்டுவது நேர்மையான வாசிப்பு ஆகாது.

கொடுத்தவர் பெறும் உரிமைக்கு உள்ள எல்லையும் தெளிவாக வேண்டும். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இரண்டு கால்கள் போலப் பிரிந்து, பீடத்தருகே சேரும்படி கட்டப்பட்டது. சாதிக்கொரு பக்கம், நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தனி உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் மீட்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த இடிப்பு நல்ல முன்மாதிரி. பெரிய தொகை கொடுத்தவருக்கு முன் வரிசையும், கொடியேற்றத்தில் முதல் மரியாதையும், பளிங்கில் பெயரும் என்று பேரம் பேசும் நிதியும், விழுந்த சுவரைச் சிறிய அளவில் மறுபடி எழுப்புகிறது.

வாங்கிய பணம் எதற்கென்று கேட்டோமோ அதற்கே போக வேண்டும். சீரமைப்பு என்று ரசீது கொடுத்துவிட்டு, பழையதைத் தரைமட்டமாக்கிப் பெரிய கான்கிரீட் ஆலயம் எழுப்புவது கொடுத்தவரை ஏமாற்றுவது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசுவதும் ஏறக்குறைய அப்படித்தான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைக்கும். உப்பு பூத்துச் சில மழைக்குள் பூச்சு செங்கல்லோடு பெயரும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, மதிப்பீடு வாங்கி, அதன் பிறகு தொகை சொல்வதுதான் கேட்பவரின் முதல் கடன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திருப்பணிக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கப் போகும் ஒவ்வொரு சபையும் அந்த வாரமே பாக்கிப் பேரேட்டை எடுத்து, ஏழைகளின் பெயர்களுக்கு எதிரே உள்ள தொகைகளைத் தள்ளுபடி செய்து, திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் இனி எந்தப் பாக்கியும் தடையில்லை என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கட்டும். நிதி கேட்பது அடுத்த ஞாயிறு தொடங்கட்டும்.