யாருக்கு இந்த வாசனை?

மார்கழிக் காலை. இரவு ஷிப்ட் முடிந்து பிள்ளைப்பாக்கம் விடுதிக்குத் திரும்பியதும் இரண்டு அத்தர் குப்பிகளை எடுத்து வைத்தேன். ஒன்று சந்தனம், மற்றது கிராம்பு வாடை கலந்த அகில். குளிருக்கு எது?

"யாருக்குடி இதெல்லாம்?" என்றாள் அறைத்தோழி.

நியாயமான கேள்விதான். வேலையிடத்தில் வாசனை பூசக்கூடாது. நான் பூசுவது தூங்கப் போகையில் மட்டும்.

நக்கீரரின் நெடுநல்வாடையில், கூதிர்க்காலத்தில் பெண்கள் சந்தனத்தை ஒதுக்கிவிட்டுக் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டுகிறார்கள். அரைத்த சந்தனம் குளிர்ச்சி. அந்தக் கணக்கு புரிகிறது. (குப்பிக்குள் வந்தபின் இரண்டும் கதகதப்புதான்.) அதே பாட்டில், போர்ப்பாசறையில் இருக்கும் கணவனை எண்ணி அரசி ஒப்பனையின்றிக் கிடக்கிறாள். அவள் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பார்ப்பவன் இல்லாதபோது அவளுடைய மூக்குக்குமா வேலை இல்லை?

வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சிய பணத்தில் வாங்கியவை இவை. செருப்பு வாங்கியிருந்தால் அம்மா காரணம் கேட்டிருக்க மாட்டாள். வாசனைக்குக் கேட்பாள். கேட்குமுன்பே நானும் ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருந்தேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அகிலை மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுக்கொண்டு போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"அந்தச் சந்தனத்தை இங்கே கொடு," என்றாள் தோழி.