இலவசமாக வந்ததற்கு என்ன விலை?

"சும்மா வந்த பொருள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு விலை?" தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில், லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்வி இது. சட்டையைக் கொடுத்தவர் காசு வாங்கவில்லை. கடைக்குக் கொள்முதல் செலவும் இல்லை. ஆனாலும் விலைச்சீட்டு சில நேரம் புதுச் சட்டையின் விலையை நெருங்கிவிடுகிறது. கேட்பவரைக் கஞ்சர் என்று தள்ளிவிட முடியாது. அவர் கேட்பது நியாயம். கடையை நடத்துபவருக்கும் பதில் இருக்கிறது. வருவதைத் தரம் பிரிக்க வேண்டும், துவைக்க வேண்டும், வாடகையும் மின்கட்டணமும் கட்ட வேண்டும், விற்க முடியாததை அப்புறப்படுத்த வேண்டும். இரண்டு பக்கமும் உண்மை இருக்கும்போது, விலை கூடுதலா குறைவா என்று மட்டும் வாதிட்டுப் பயனில்லை. கடை யாருக்காக நடக்கிறது என்பதை முதலில் தீர்மானித்தால்தான் விலையைப் பற்றிப் பேசவே முடியும்.

இந்தக் கடைகளுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார், வசதியானவர்களின் வீடுகளிலிருந்து பழைய சாமான்களைச் சேகரித்து, வேலையில்லாத ஏழைகளைக் கொண்டே அவற்றைப் பழுதுபார்க்க வைத்தார். குட்வில் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அங்கே கடையைச் சுற்றியிருந்த ஏழைகளே அதன் நோக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபாம் 1947-48இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் திறந்த கடையின் கணக்கு வேறு. தொலைதூர நாடுகளில் பசித்திருப்பவர்களுக்குப் பணம் திரட்டுவது அதன் வேலை. வாங்க வருபவர் அங்கே நன்கொடையாளருக்குச் சமம். அவர் இரண்டு காசு கூடக் கொடுத்தால் அதுவும் உதவிதான். இரண்டு வழிகளும் நேர்மையானவை. முதல் வழியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டாம் வழியின் விலையை எழுதும்போதுதான் மனக்கசப்பு பிறக்கிறது. "ஏழைகளுக்காக" என்ற பலகையைப் பார்த்து உள்ளே வந்த ஏழை, தன் கைக்கு எட்டாத விலையைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்.

பழைய துணிக்கு விலை உண்டு என்பது தமிழ் வீடுகளுக்குப் புதிய செய்தி அல்ல. "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று குரல் கொடுத்து வருபவரிடம் இரண்டு பேன்ட்டும் மூன்று சேலையும் கொடுத்து ஒரு எவர்சில்வர் குண்டான் வாங்குவதும், இன்னொரு சட்டை போட்டால்தான் தருவேன் என்று அவர் பேரம் பேசுவதும் நமக்குப் பழக்கம். அந்த வியாபாரத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நின்று விலையை முடிவு செய்கிறார்கள். தொண்டுக் கடையிலோ கொடுத்தவர் அந்த இடத்தில் இல்லை. அவருடைய நல்லெண்ணத்துக்கு மூன்றாம் மனிதர் ஒருவர் விலை எழுதுகிறார். அதனால்தான் அந்த எண்ணின் மேல் அத்தனை சந்தேகம் விழுகிறது. அதனால்தான் கடை நடத்துபவருக்குச் சாதாரண வியாபாரியைவிடப் பொறுப்பும் கூடுதல்.

டாலிகஞ்சில் இப்படி ஒரு கடை வருவதாக வைத்துக்கொள்வோம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஒரு பகுதி அது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் சரக்கு வந்து சேர வேண்டிய தீவில், பிளாஸ்டிக் வாளிக்குக்கூட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்த கூலி ஏறியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களும் முப்படையினரும் மாற்றலாகிப் போகும்போது கட்டிலையும் மிக்ஸியையும் மூட்டை கட்டிக் கப்பலேற்றுவதைவிட இங்கேயே விட்டுப் போவது எளிது. ஆகவே கொடுக்கப் பொருளும் இருக்கும், வாங்க ஆளும் இருக்கும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரில் இருப்பதால், இங்கே குட்வில்லின் முதல் நாள் கணக்குதான் பொருந்தும். அன்றாடத் தேவையான துணி, பாத்திரம், பள்ளிப் பை, போர்வை ஆகியவற்றுக்குக் கடையின் செலவு ஈடாகும் அளவே விலை. அது பேரம் பேசி யாரும் குறைக்கவோ கூட்டவோ முடியாத, எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்த ஒரே விலையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் சும்மாவே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாக வந்த பழைய துணிகள், யாரும் எடுக்காமல் சாலையோரம் குவிந்து கிடந்தன. உடைமையிழந்தவர்களும் அவற்றைத் தொடவில்லை. வீசப்பட்டதைப் பொறுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் இறங்கிய கூஞ்ச் அமைப்பை 1999இல் தொடங்கிய அன்ஷு குப்தா, துணியைத் தானமாகக் கொடுக்காமல் உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் முறையை வளர்த்தார். ஊர்க்காரர்கள் குளம் வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். அதற்குப் பரிசாகத் துணி பெறுவார்கள். தமிழகத்தில் 2013இல் தொடங்கிய அரசின் மலிவு விலை அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அந்த ஒரு ரூபாயால் அரசின் செலவு ஈடாகவில்லை. ஆனால் சாப்பிட வந்தவர் வரிசையில் வாடிக்கையாளராக நிற்க அது போதுமானதாக இருந்தது. சிறு விலை வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. இந்த நிறம் வேண்டாம், அந்தச் சட்டையைக் காட்டுங்கள் என்று சொல்லும் துணிவைத் தருகிறது. அந்தச் சிறு விலையும் இல்லாதவருக்கு, கடையில் இரண்டு மணி நேரம் துணி மடித்துக் கொடுப்பதையே விலையாக ஏற்கலாம்.

விலையைக் கூட்டினால் நற்பணிக்குக் கூடுதல் பணம் சேருமே என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. பட்டுச் சேலைக்கும் கேமராவுக்கும் சந்தை விலையே வைக்கலாம். அவை இல்லாமல் யாருடைய அன்றாடமும் நின்றுவிடாது. அதில் வரும் லாபம் போர்வையின் விலையைத் தாங்கும். விலையைப் பிரிக்கும் கோடு பிராண்டின் பெயரில் விழாமல் தேவையில் விழ வேண்டும் என்பதே என் வாதம். பள்ளிச் சட்டையில் பெரிய நிறுவனத்தின் முத்திரை இருப்பதால் அதன் விலை ஏறக் கூடாது. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய புது பனியன் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், பழைய பனியனுக்கு முத்திரையைக் காட்டி விலை ஏற்றுவது வியாபாரமாகவும் நிற்காது. மலிவாக விற்றால் மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிப் போவார்கள் என்ற அச்சத்துக்கு, அன்றாடப் பொருளில் ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு போதும். நான்கு சட்டை வாங்கித் தைத்துச் சீராக்கி விற்றுப் பிழைக்கும் பெண்ணும், அந்தக் கடை உதவ நினைத்தவர்களில் ஒருவர்தானே.

இவை எல்லாவற்றோடும் கடைச் சுவரில் மாதக் கணக்கு ஒன்று தொங்க வேண்டும்: வாடகை எவ்வளவு, கூலி எவ்வளவு, மீதி எங்கே போனது. விலையின் காரணம் தெரிந்தால் வாங்குபவர் பத்து ரூபாய் கூடக் கொடுக்கவும் தயங்க மாட்டார். காரணம் மறைந்திருந்தால் ஐந்து ரூபாயும் ஏமாற்றாகவே தோன்றும். சிறிய தீவில் இது இன்னும் முக்கியம். சட்டையைக் கொடுத்தவரும் அதை வாங்கி உடுத்தியவரும் நாளைக் காலை ஒரே பஸ்ஸில் ஏறப்போகிறார்கள். அப்போது கொடுத்தவர் தன் சட்டையை அடையாளம் கண்டுகொண்டாலும், உடுத்தியவர் தலைகுனியத் தேவையில்லாத விலையே அந்தச் சட்டைக்குச் சரியான விலை.