நனையாத குதிகால்

குரு: வா தம்பி. மூன்று ஞாயிறாகக் காணோம். சிவஞானபோதப் பாடம் நாலாம் சூத்திரத்திலேயே நிற்கிறது.

சீடன்: பாடம் இருக்கட்டும் ஐயா. இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நீங்கள் நாற்பது வருஷம் நரம்பு டாக்டராக இருந்தவர், சித்தாந்தமும் சொல்லித் தருகிறவர். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குரு: பீடிகை பெரிதாக இருக்கிறது. சொல்லு.

சீடன்: அப்பாவுக்குக் கம்பவாதம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்து, போகப் போக அளவைக் கூட்டினார்கள். கை நடுக்கம் குறைந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ராத்திரியில் போனோடு உட்கார ஆரம்பித்தார். தூக்கம் வரவில்லை என்றார், நம்பினோம். ஒருநாள் அம்மா பீரோவைத் திறந்தால் இரட்டைவடச் சங்கிலியைக் காணோம். அடகுக்கடை ரசீது பூஜை அறையில் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. போனில் ரம்மி, ஐயா. எட்டு மாதத்தில் 11 லட்சம்.

குரு: என்ன மாத்திரை?

சீடன்: பிரமிபெக்ஸோல்.

குரு: ம்.

சீடன்: டாக்டரும் இப்படித்தான் 'ம்' என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இரண்டு மாதத்தில் ரம்மி போன இடம் தெரியவில்லை. இப்போது பழைய அப்பா திரும்பி வந்துவிட்டார். ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்கே ரேடியோ ரிப்பேர் செய்தவர் அவர். பரணில் கிடந்த வால்வு ரேடியோவை இறக்கிப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்து அம்மா அழுதாள். எனக்குத்தான் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆடியது அப்பாவா, மாத்திரையா?

குரு: முதலில் மாத்திரை செய்வது என்னவென்று பார்த்துவிடுவோம். நீ டெல்டாக்காரன், உனக்கு வாய்க்கால் கணக்கில் சொன்னால் புரியும். நடுமூளையில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமீன் என்ற ரசாயனத்தை மேலே அனுப்புகின்றன. இந்த நோயில் அவை சாகின்றன, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அல்ல. கைகால் அசைவைக் கவனிக்கும் பகுதிக்குப் போகிற வாய்க்கால்தான் முதலில் வறள்கிறது. ஆசை, ஊக்கம், பரிசு இவற்றைக் கவனிக்கும் பகுதிக்குப் போகிற வாய்க்காலில் ரொம்ப நாள் தண்ணீர் ஓடும். மருந்துக்கு வயல் பார்த்துப் பாயத் தெரியாது. கடைமடை காய்கிறதே என்று மதகைத் தூக்கினால் தலைமடையில் பயிர் மூழ்கி அழுகுகிறது. அதிலும் பிரமிபெக்ஸோலுக்கு அந்த ஆசைப் பக்கத்து வயலில் அடர்ந்திருக்கும் ஏற்பிகளோடு ஒட்டுதல் அதிகம்.

சீடன்: ஆசை பெருகியது, சரி. ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தாரே! சூடு பட்ட கை பின்வாங்க வேண்டாமா?

குரு: பின்வாங்கச் சொல்வது ஒரு மௌனம், தம்பி. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் டோபமீன் செல்களைக் கேட்டுப் பார்த்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் செல் படபடக்கிறது. சாறு வரும் முன் விளக்கு எரியும் என்று பழக்கிவிட்டால், படபடப்பு விளக்குக்கு மாறிவிடுகிறது. சாறு வந்தால் ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்த நொடியில் செல் அடங்கிப்போகிறது. 'ஏமாந்தாய், அடுத்த முறை யோசி' என்று மூளைக்குச் சொல்வது அந்த அடக்கம்தான். உன் அப்பா சாப்பிட்ட மாத்திரை டோபமீன் போலவே நடித்து, ஏற்பியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். செல் அடங்கினாலும் அந்த மௌனம் கேட்காது என்று கருதுகிறார்கள். 2004-ல் மைக்கேல் ஃப்ராங்க் என்பவரும் கூட்டாளிகளும் நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்து போடாதபோது எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை நன்றாகக் கற்றார்கள். மருந்து போட்டபோது எதில் லாபம் என்பதை நன்றாகக் கற்றார்கள், நஷ்டத்திலிருந்து கற்பது மழுங்கியது.

சீடன்: அப்படியானால் மாத்திரை சாப்பிடுகிற எல்லோரும் ஆடியிருக்க வேண்டுமே.

குரு: இல்லை. 2010-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3090 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. சூதாட்டம், அடக்க முடியாமல் பொருள் வாங்குவது, காமம், பெருந்தீனி, இந்த நான்கில் ஒன்றாவது இருந்தவர்கள் 13.6 சதவீதம். இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1, சாப்பிடாதவர்களில் 6.9.

சீடன்: காமம், சூது, தீனி. வள்ளுவரிலும் 92-வது அதிகாரம் வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. அதற்கு அடுத்தது மருந்து!

குரு: அதில் ரகசியம் தேடாதே. வள்ளுவர் நரம்பியல் படித்தவரல்ல. ஆனாலும் மருந்து அதிகாரத்தில் பெரும்பகுதி சாப்பாட்டு அளவைப் பற்றியது என்பது நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது.

சீடன்: 100 பேரில் 83 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், என் அப்பாவிடம் ஏதோ இருந்திருக்கிறது. அதைத்தான் நான் கேட்கிறேன்.

குரு: இருந்திருக்கலாம். வயது குறைவாக நோய் வந்தவர்கள், புகை பிடிக்கிறவர்கள், குடும்பத்தில் சூதாட்டம் இருந்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். உன் தாத்தா எப்படி?

சீடன்: ...சீட்டாடி அரை வேலி நிலத்தைத் தோற்றவர். அதனால்தான் அப்பா சீட்டைத் தொட்டதே கிடையாது. கல்யாண வீட்டில் ஜமக்காளத்தை விரித்துச் சீட்டைக் கலைத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அறுபது வருஷம், ஐயா.

குரு: அந்த அறுபது வருஷத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்.

சீடன்: எடுத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. ஒரு மாத்திரை அதைக் கரைத்துவிட்டது என்றால், அது அவருடைய ஒழுக்கமா, அல்லது டோபமீன் கொஞ்சம் கம்மியாக ஓடியதா? கெட்டது ரசாயனம் என்றால் நல்லதும் ரசாயனம்தானே?

குரு: இதற்கு நான் எதிர்க்கேள்வி போடுகிறேன். இதே மருந்துகள் ஆரம்பித்த பிறகு, அதுவரை தூரிகையே பிடிக்காதவர்கள் சிலர் படம் வரைந்து தள்ளியிருக்கிறார்கள், கவிதை எழுதியிருக்கிறார்கள். மருத்துவ இதழ்களில் அவை பதிவாகியிருக்கின்றன. அவர்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? 'உள்ளே இத்தனை திறமை ஒளிந்திருந்ததே' என்றுதானே? படம் வரைந்தால் ஆள், சூதாடினால் மாத்திரை. பிடித்ததை அப்பா கணக்கிலும் பிடிக்காததை மருந்துக் கணக்கிலும் எழுதுகிறோம். தராசில் கை வைத்துக்கொண்டே எடை பார்க்கிறோம்.

சீடன்: அப்போது சித்தாந்தம் என்ன சொல்லும்? உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று நீங்களே சொல்லித் தந்தீர்கள். படிகத்தின் அருகே சிவப்பை வைத்தால் சிவப்பு, நீலத்தை வைத்தால் நீலம். படிகத்தின் மேல் குற்றமே இல்லை என்று முடித்துவிடலாமா?

குரு: முடிக்க முடியாது. படிகம் வண்ணம் எடுக்கிறது, கல் எடுப்பதில்லை. எடுக்கிற தன்மை படிகத்தினுடையது. ஆனால் நிறமே இல்லாத தனிப் படிகத்தை நீ எங்கும் பார்க்க மாட்டாய். மாத்திரைக்கு முந்தைய அப்பாவும் எதையோ சார்ந்துதான் நின்றார்: தாத்தாவின் மேல் பயம், உன் அம்மா, வாங்குகிற சம்பளம், வற்றிக்கொண்டிருந்த அந்தக் கறுத்த பட்டை. சார்பு எதுவும் இல்லாத அப்பாவைத் தேடிப் பிடித்து அவர்மேல் கோபப்படலாம் என்று நீ நினைக்கிறாய். வெங்காயம் உரிக்கிற வேலை அது.

சீடன்: சரி ஐயா, ஆனால் ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்தாரே! மறைக்கத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரியாதா?

குரு: இதுதான் உன் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது. தெரிவது வேறு, நிறுத்துவது வேறு. தப்பு என்று தெரிந்ததால்தான் ஒளித்தார். தெரிவிக்கிற மந்திரி ஊமையாகவில்லை, தடுக்கிற சேனாபதிக்குத்தான் கை கட்டிப்போயிற்று. நாலாம் சூத்திரத்தில் அரசனும் அமைச்சரும் வருகிறார்களே, அந்த உவமையை இப்படியும் நீட்டிப் பார்.

சீடன்: நீங்கள் அவருக்காக வக்கீல் வைத்தது போலப் பேசுகிறீர்கள்.

குரு: இருக்கும். என் பாவம் ஒன்று பாக்கி இருக்கிறது, அதனால் இருக்கும். இந்த மாத்திரைகள் நம் ஊருக்கு வந்த புதிதில் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். நடை பிரமாதமாகத் தேறியது. மாணவர்களைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லிக் காட்டுவேன். அவர் மனைவி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் வாசல்வரை போய்விட்டு ஏதோ சொல்ல வந்தது போல நின்று, திரும்பிப் போனார். கடைசியில் நர்சிடம் சொன்னாராம், இவர் ராத்திரி தூங்கவே விடுவதில்லை, எனக்கு அறுபத்திரண்டு வயது என்று. நர்ஸ் என்னிடம் சொன்னபோது சிரித்துவிட்டேன். அதை நோயின் கணக்கில் எழுதாமல் குணத்தின் கணக்கில் எழுதினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை என்றால் யாரும் தாமாகச் சொல்வதில்லை, மாத்திரைக்கும் இதற்கும் முடிச்சு இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

சீடன்: ...

குரு: உன் அப்பா என்ன சொல்கிறார்?

சீடன்: டாக்டர் விளக்கியபோது தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், 'மாத்திரை மேல் பழியைப் போடாதே. விரலை வைத்து அழுத்தியது நான்தான்' என்றார்.

குரு: நளன் கதை தெரியுமே. கால் கழுவியபோது நனையாமல் விட்ட சின்ன இடம் வழியாகக் கலி உள்ளே புகுந்தான், நளன் நாட்டைத் தோற்றான். எல்லாம் முடிந்து தமயந்தியைச் சேர்ந்தபோது வியாச பாரதத்தில் நளன் சொல்வது, நான் செய்யவில்லை, கலி செய்தான் என்பது. நம் பாண்டியன் நெடுஞ்செழியனை ஏமாற்றியது பொற்கொல்லன். ஆனால் அவன் பொற்கொல்லன் பெயரைச் சொல்லித் தப்பவில்லை. தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு விழுந்து செத்தான்.

சீடன்: இரண்டில் எது சரி?

குரு: பிரான்ஸில் ரென் நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2012-ல் இதே கேள்வி வந்தது. இந்த வகை மருந்தால் சூதாடி அழிந்த ஒரு நோயாளிக்கு மருந்து நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது, பெட்டியிலிருந்த துண்டுச்சீட்டில் அன்று எச்சரிக்கை இல்லை என்பதால். நீதிமன்றம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யார் எதைச் சொல்கிறார்கள் என்று பார். உன் அப்பா 'நான்' என்கிறார். நீ 'மாத்திரை' என்று சொன்னால் வீடு நிற்கும். அவர் 'மாத்திரை' என்று சொல்லி, நீ 'நீதான்' என்று சொல்லியிருந்தால் இந்நேரம் இரண்டு அடுப்பு எரிந்திருக்கும்.

சீடன்: கோபம் அதனால் போய்விடுமா?

குரு: போக வேண்டிய அவசியமில்லை. தமயந்தி கோபத்தை விட்டுவிட்டா காரியம் பார்த்தாள்? சொல்லிப் பார்த்தாள், நளன் காதில் ஏறவில்லை. உடனே சாரதியைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைத் தேரில் ஏற்றிக் குண்டினபுரத்துக்கு அனுப்பிவிட்டாள். நாடு போவதற்கு முன்பே செய்தாள். நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?

சீடன்: வங்கிக் கணக்கை அம்மா பெயரும் சேர்த்து மாற்றியிருக்கிறோம். போனில் பணம் அனுப்பும் வசதியை அவரே எடுத்துவிடச் சொன்னார். பக்கத்து வீட்டில், இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம், பூனைக்காலி விதைப் பொடி கொடுங்கள் என்கிறார்கள்.

குரு: 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அப்பா ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துதான் அது, பொடியில் அளவு தெரியாது, அவ்வளவுதான். மாத்திரைகளைத் திடீரென்று தூக்கிப் போடவும் கூடாது. பதற்றம், வேர்வை, உலகமே இருண்டது போல மனச்சோர்வு என்று சிலரைப் படுத்திவிடும். மெதுவாக இறக்கியது சரி. இருக்கட்டும், அந்த ரேடியோ பாடுகிறதா?

சீடன்: இன்னும் மாட்டவில்லை ஐயா.

குரு: எப்போது பிரித்தார்?

சீடன்: ஒன்றரை மாதம் இருக்கும். ஸ்க்ரூக்களை அளவு வாரியாக அடுக்குகிறார். கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறார். இப்போது அடுத்த தெருவிலிருந்தும் இரண்டு பழைய ரேடியோ வாங்கி வந்திருக்கிறார். நேற்று நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி மூன்று, உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார். அது அவருடைய பழைய கைவேலைதானே?

குரு: பழைய கைவேலையாகத்தான் வரும். கணக்குப்பிள்ளையாக இருந்தவர் எண்களை எழுதிக்கொண்டே இருப்பார், தையல்காரம்மா பொத்தான்களை அடுக்குவார். முடிவே இல்லாமல் ஒரே வேலையில் மூழ்குகிற இந்தப் பழக்கத்துக்குப் 'பண்டிங்' என்று பெயர், முதலில் ஸ்வீடனில் ஆம்ஃபிடமின் போதைக்காரர்களிடம் பார்த்து வைத்த பெயர். அந்த மாத்திரையைக் குறைத்தபோது லெவோடோபாவைக் கூட்டினார்களா?

சீடன்: கூட்டினார்கள். நடை தடுமாறியது. அட்டை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று அம்மா போன வாரம் சொன்னாள்... நான் அதை அப்பாவின் பழைய குணம் திரும்பியது என்று நினைத்து, ஐயா, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

குரு: கொஞ்சம் அவருடைய குணமும் இருக்கும். எழுந்திரு. டாக்டருக்கு நாளைக் காலையில் போன் செய். அதற்கு முன் இன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரியில் எத்தனை மாத்திரை போடுகிறார் என்று கேள். திட்டுகிற குரலில் கேட்காதே, ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு கேள். நாலாம் சூத்திரம் அடுத்த வாரம்.