மாண்டவர்க்குரிய நியாயம்

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்திலே, சால்ட் லேக் சிட்டி நகருக்கு அருகில், கருங்கல் மலையொன்றைக் குடைந்து அமைத்த அறைகளில், பிறந்ததும் மணந்ததும் மாண்டதும் தவிர வேறு சரித்திரமே இல்லாத கோடிக்கணக்கான சாமானியர்களின் பெயர்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களில் அடங்கிக் கிடக்கின்றன. மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் சமயத்தார், 1894இல் வம்சாவளிச் சங்கம் ஒன்றை நிறுவி, 1938 முதல் தேசந்தோறும் சென்று, மாதாகோயில் பதிவேடுகளையும் சர்க்கார் தஸ்தாவேஜுகளையும் படம் பிடித்துச் சேர்த்த நிதி அது. ஹரித்வாரத்துப் புரோகிதர்களான பண்டாக்கள் வழிவழியாக எழுதிவரும் யாத்திரிகர் குடும்ப ஏடுகளும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. சுமார் 24 லட்சம் சுருள்களைக் கணினிக்கு ஏற்றும் வேலை 2021இல் முடிந்தது. எந்த நாட்டில் எந்தக் காலம் முதல் எந்த ஏடு உண்டு, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் வழிகாட்டிக் கட்டுரைகளையும் ஃபேமிலிசர்ச் என்னும் தங்கள் இணையதளத்தில், நீ எந்த மதம் என்று கேளாமல், காசும் வாங்காமல், எவருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய தருமம் என்று புகழ்ந்துவிட்டு அப்பால் போய்விடலாம். ஆனால் இதன் வேர் ஒரு துக்கத்தில் இருக்கிறது. இச்சமயத்தின் ஸ்தாபகரான ஜோசப் ஸ்மித்தின் தமையன் ஆல்வின், ஞானஸ்நானம் பெறாமலே 1823இல் இறந்துபோனார். அவர் நரகத்துக்கே போயிருப்பார் என்று தொனிக்கும்படி ஈமச் சடங்கில் போதகர் பேசியதைக் குடும்பத்தார் நெடுநாள் மறக்கவில்லை. நல்லவன் ஒருவனை, ஒரு சடங்கு நிறைவேறுமுன் காலன் முந்திக்கொண்டான் என்ற ஒரே காரணத்துக்காகக் கருணாமூர்த்தியான கடவுள் கைவிடுவாரா என்பது எந்தச் சமயத்தானும் கேட்டுத் தீரவேண்டிய கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் போகிற போக்கில் குறிப்பிடும் ஒரு வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டு, இருப்பவர் இறந்தவருக்குப் பிரதிநிதியாக நின்று நீரில் மூழ்கலாம் என்று 1840இல் ஸ்மித் உபதேசித்தார். அந்தச் சடங்குக்கோ பெயர் வேண்டும். இன்னார், இன்ன ஊர், இன்ன காலம் என்று தெரியவேண்டும். இவ்வாறாக ஒரு மோக்ஷ சித்தாந்தம், பழைய ஏடுகளைப் புரட்டும் சாஸ்திரமாகப் பரிணமித்தது.

கேளாதவனுக்கு மோக்ஷம் கொடுக்கலாமா? நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயரால் இச்சடங்கு நடந்தது வெளிப்பட்டபோது, எந்த மதத்தின் பொருட்டு அவர்கள் மடிந்தார்களோ அந்த மதத்தை மரணத்துக்குப் பின்னும் பறிப்பதா என்று அவர்களுடைய இனத்தார் வெகுண்டார்கள். 1995இல் அதை நிறுத்துவதாக உடன்படிக்கை ஏற்பட்டது, பின்னரும் மீறல்கள் நிகழ்ந்தன. 2008இல் வாடிகன், கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை இவர்களுக்குக் கொடுக்கவேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் இஷ்டம் என்று மார்மன்கள் சமாதானம் சொல்கிறார்கள். அவர்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. எனினும், எதிர்த்துச் சொல்ல நாவில்லாதவனிடம் காட்டப்படும் அன்புக்கு வரம்பு கட்ட வேறு யாரும் இல்லை. நம் தர்ப்பணம் இந்த இடத்தில் வேறு வழியில் செல்கிறது: பிதா, பிதாமகர், பிரபிதாமகர் என்று பெயர் சொல்வது மூன்று தலைமுறையோடு நின்றுவிட, தாய் தந்தை உற்றார் என்று யாருமற்ற ஆத்மாக்களுக்கும் சேர்த்துப் பெயரின்றியே கடைசி நீர் வார்க்கப்படுகிறது. அதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆகையால் ஆள் மாறும் பிழைக்கும் இடமில்லை.

பெயரைக் கேட்கும் தர்மத்துக்குத்தான் அந்த ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் எழுதியவை என்பதாலேயே ஃபேமிலிசர்ச்சின் அந்த வழிகாட்டிக் கட்டுரைகளை, சித்தாந்தத்தைக் காட்டிலும் மேலான பக்தி நூல்களாக மதிக்கிறேன். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1837க்குப் பிறகு பிறப்பு, இறப்புகளைச் சர்க்கார் பதிந்தது. அதற்கு முன் 1538 முதல் மாதாகோயில் ஏடுகளே கதி. 1752க்கு முன்பு அங்கே வருஷம் மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது என்பதால், 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1701. அதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை இடுவது அங்கே சகஜம். ஞானஸ்நான ஏட்டில் ஜான் என்ற பெயரைக் கண்ட மாத்திரத்தில், கிடைத்தான் என் முப்பாட்டன் என்று துள்ளிக் குதிக்கிறவர், தொட்டிலிலேயே மாண்ட சிசுவுக்கு மனைவியையும் மக்களையும் பேரன்மாரையும் சூட்டிவிடக்கூடும். ஆகையால் அடக்க ஏட்டையும் புரட்டிப் பார்க்கவேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி, ஒவ்வொரு படியாகத்தான் பின்னே செல்லவேண்டும். (நம் ஜாதிப் புராணங்களை எழுதியவர்கள் நேரே சூரியனிலிருந்தும் சந்திரனிலிருந்தும் இறங்கி வந்தார்கள், அவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.)

இது வெறும் கணக்குப் பிழை அன்று. மாண்டவனுக்கு நாம் செய்யக்கூடிய அநியாயங்களில், அவனை இன்னொருவனாக்கிவிடுவதே பெரிது என்று நினைக்கிறேன். மார்மன் சித்தாந்தத்தின்படியே பார்த்தாலும், எட்டு வயதுக்குள் இறந்த குழந்தை களங்கமற்றது, அதற்கு ஞானஸ்நானமே தேவையில்லை. ஆகவே இரண்டு ஜான்களையும் ஒருவனாக்குகிறவர், அந்தச் சடங்கு யாருக்கு வேண்டாமோ அவன்மீது அதைச் சுமத்தி, யாருக்கு வேண்டுமோ அவனை விட்டுவிடுகிறார். அந்த மூத்த ஜானுக்குச் சந்ததி இல்லை. அவனைத் தேடி எவரும் வரப்போவதில்லை. தம்பியைத் தேடி வந்தவர், சந்தேக நிவர்த்திக்காக அடக்க ஏட்டைத் திறக்கும்போதுதான் அவன் தட்டுப்படுகிறான். தம் முன்னோன் அல்லன் என்று தெரிந்த பிறகும், பெற்றோரின் பிள்ளைகள் வரிசையில், தம்பிக்கு மேலே, அவனுக்கும் ஒரு வரி எழுதவேண்டியிருக்கிறது.